கனடாவின் தனியார் அகதி அனுசரணைத் திட்டம்: பன்னிரண்டு மாதமும் அதற்குப் பிறகும்

எங்கள் குழு பொறுப்பெடுத்த சிரியக் குடும்பம் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து பத்தாவது நாள் இருக்கும். வேலை முடிந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சலாம் சொன்னேன், சப்பாத்தைக் கழற்றினேன், குசினிக்குள் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால் இருக்கிறதா, முட்டை எத்தனை மிச்சம், தயிர் வாங்க வேண்டுமா என்று பார்க்கத்தான். திரும்பினால், அந்தத் தாய் வாசல் நிலையில் சாய்ந்து கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கிறார். சிரித்துக்கொண்டுதான் நின்றார். அந்தச் சிரிப்பு எனக்கு ஏற்கெனவே தெரிந்த சிரிப்பு.

1989 டிசம்பரில் நான் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது, வெல்லெஸ்லி வீதிப் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தில் அக்கா வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். பக்கத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து வயதான பெண்மணி ஒருவர் வருவார். நல்ல மனுஷி. என் முதல் குளிர்ச் சப்பாத்து அவர் கொண்டுவந்து தந்ததுதான். ஆனால் வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை கேளாமல் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். அக்கா பின்னால் நின்று சிரிப்பார். அவர் போன பிறகு, ஒன்றும் பேசாமல் ஒரு துணியை நனைத்து ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் துடைப்பார். இருபத்தேழு வருடம் கழித்து அதே வேலையை நான் இன்னொருவர் வீட்டில் செய்துகொண்டு நின்றேன்.

இந்தத் திட்டத்தில் சேரலாமா என்று முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களும் கோவிலில் சந்திக்கிறவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். எவ்வளவு செலவு, என்ன பத்திரம், கரைச்சல் வராதா என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம். அந்தக் குசினியில் நான் நின்ற நிலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. வெளிநாட்டில் தவிக்கிற அகதிகளைக் கனடாவுக்கு அழைத்துக் குடியமர்த்துவதில் அரசோடு சாதாரண மக்களும் குழுவாகச் சேர்ந்து பொறுப்பெடுக்கலாம். 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் இதற்கு வழி வைத்தது. அடுத்த இரண்டு வருடத்தில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து வந்த 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோரை இப்படித் தேவாலயங்களும் அயலவர்களும் நண்பர்களுமாகச் சேர்ந்துதான் வரவேற்றார்கள். 1986இல் ஐ.நா. அகதிகள் நிறுவனம் அகதிகளுக்கு உதவுகிறவர்களுக்குத் தான் கொடுக்கும் நான்சன் விருதைக் கனடா மக்கள் எல்லோருக்குமாகக் கொடுத்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் நம்மவர்கள், இலங்கைத் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்துகொண்டிருக்க, கஸ் டால்ட்டன் என்ற மீனவரும் அவரோடு மற்றப் படகுக்காரரும் கண்டு கரை சேர்த்தார்கள். இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். நாங்கள் இந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். 2015இல் சிரியச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இரவு, சரி, இப்போதே செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

குழுவில் ஏழு பேர். நானும் கணவரும், என்னோடு வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் தாதி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பதி, கணக்கு வழக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு தம்பி. அரசோடு அனுசரணை ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு தேவாலய அமைப்பின் கீழ் பதிந்தோம். தெரிந்தவர்களின் பேரைக் கொடுத்து அழைக்கிற வழியும் உண்டு. நாங்கள் எடுத்தது 2013இல் தொடங்கிய கலப்புத் திட்டம். இதில் ஐ.நா. பரிந்துரைத்து, விசா அலுவலகம் தெரிவுசெய்த குடும்பத்தின் சிறு விவரம் ஒன்று வரும்: எத்தனை பேர், என்ன வயது, என்ன மொழி, ஏதும் நோய் உண்டா. அதைப் பார்த்து 'ஆம்' சொல்ல வேண்டும். வருகிறவர்கள் முழுக்க அந்நியர்கள். ஆறு மாதச் செலவை அரசு ஏற்கும், மிச்ச ஆறு மாதமும் தொடக்கச் செலவும் குழுவின் பொறுப்பு. முழுப் பன்னிரண்டு மாதமும் குழுவே பார்ப்பதென்றால் அந்த நாட்களின் அட்டவணைப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு 27,000 டொலர் காட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு அதைவிடக் குறைவு. தோசை, இடியப்பம் விற்றும் தெரிந்தவர்களிடம் கேட்டும் நாலு மாதத்தில் சேர்த்துவிட்டோம். காசு சேர்ப்பதில் நம் ஆட்களுக்குப் பழக்கம் இருக்கிறது, அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

குடும்பம் ஹோம்ஸ் நகரத்தைச் சேர்ந்தது. லெபனானில் பெக்கா பள்ளத்தாக்கில் மூன்று வருடம். லெபனான் அரசு சிரியர்களுக்கு முகாம் அமைக்க விடவில்லை. ஆகவே ஆட்கள் காணிக்காரருக்கு வாடகை கொடுத்துக் கூடாரம் போட்டும், வாகனக் கொட்டில்களிலும் கட்டி முடியாத வீடுகளிலும் இருந்தார்கள். இவர்கள் இருந்தது ஒரு கொட்டிலில். அப்பா மாபிள், டைல்ஸ் பதிக்கிற தொழிலாளி. அம்மா, பன்னிரண்டு வயது மகள், ஆறு வயதுப் பெடியன். 2016 நவம்பரில் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே நிரந்தர வதிவிட உரிமையோடு இறங்குகிறார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இங்கே வந்து கோரிக்கை வைத்து, விசாரணைத் திகதிக்காகத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, இனி வீட்டுக்குள் வருவோம்.

அவர்கள் வருவதற்கு முன்பே இரண்டு அறை அடுக்குமாடி வீடு ஒன்று எடுத்து, கட்டில், மேசை, கதிரை, பாத்திரம் எல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். வீட்டுக்காரர் மூன்று திறப்பு தந்தார். இரண்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றை எங்கள் குழுவிலேயே வைத்துக்கொண்டோம். யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம், பிள்ளைகளுக்குப் படிக்கிற மேசை ஒன்று கிடைத்தது. எங்கள் குழுவில் ஒருவர், மிக நல்ல மனுஷன், அதை வானில் ஏற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. யாரும் இல்லைப் போல, வைத்துவிட்டுப் போவோம் என்று திறப்பைப் போட்டுத் திறந்துவிட்டார். அந்தத் தாய் உள்ளே இருந்தார். தலை முழுகிவிட்டு, தலைத்துண்டு இல்லாமல், ஈரத் தலையோடு. அவர் கத்தவில்லை. ஓடிப்போய்த் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, அந்த மனிதருக்குத் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். வந்தவரும் மேசையைப் பொருத்தி, தேத்தண்ணீரைக் குடித்து, எல்லாம் சரியாக முடிந்தது என்று எங்களுக்குச் செய்தி அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து நான் போனேன். தட்டியதும் உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே கால் வைத்தபோது பார்த்தேன்: சாப்பாட்டு மேசையின் நான்கு கதிரைகளில் ஒன்று கதவுக்குப் பக்கத்தில் நின்றது. முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்பில் வார்னிஷ் உரிந்து, கைப்பிடி அழுத்திய தடம். தரையில் பின்கால்கள் இரண்டும் கீறிய கோடு. கதிரையைச் சாய்த்துக் கைப்பிடிக்குக் கீழே முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் மூன்று கதிரைதான். பெடியன் நின்றுகொண்டு சாப்பிட்டான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மகள்தான் பள்ளிக்கூடத்தில் பிடித்திருந்த கொஞ்ச ஆங்கிலத்தில், 'அம்மாவுக்கு நித்திரை வருகிறதில்லை' என்றாள்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். எங்கள் வேலையில் முதல் பாடமே கதவைத் தட்டி, பதிலுக்குக் காத்திருந்து நுழைவது. காது கேளாதவர் அறையாக இருந்தாலும் தட்ட வேண்டும். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். சோப்பை எந்தக் கையில் வைத்திருக்கிறாய் என்பதைக்கூட அவருக்குச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் இதைச் செய்து வந்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த வீட்டில் எனக்கு அது ஏன் ஞாபகம் வரவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். சம்பளத்துக்குச் செய்யும்போது அது மற்றவர் வீடு என்பது மனதில் இருக்கிறது. நாங்களே காசு சேர்த்து, நாங்களே கட்டில் பொருத்தி, நாங்களே திரைச்சீலை தொங்கவிட்ட வீட்டில் அது மறந்துவிடுகிறது. குழுவாகச் சேரப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அன்று இரவே குழுவைக் கூப்பிட்டுக் கதைத்தேன். மேசை கொண்டுபோனவருக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் அவரும் நானும் ஆசிரியையும் போனோம். தொலைபேசியில் ஓர் அரபு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, மேசையில் போனை வைத்துவிட்டு, இந்தத் திறப்பை நாங்கள் வைத்திருந்தது பிழை, இது உங்கள் வீடு, நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வருவோம் என்று சொன்னோம். மேசை கொண்டுபோனவரே மன்னிப்புக் கேட்டார். அந்தத் தாய் திறப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அடுத்த முறை போனபோதும் கதிரை கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்கடுத்த முறையும். நான் அதைப் பார்க்காததுபோல் இருந்தேன். ஜனவரி நடுப்பகுதியில் ஒருநாள் அது மேசைக்குப் போயிருந்தது, பெடியன் அதில் இருந்து எழுதிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

புகைப்பட விஷயமும் இருக்கிறது. அந்த வருடம் எல்லாக் குழுக்களும் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தன: விமான நிலையம், பலூன், வரவேற்புப் பலகை. எங்களில் ஒருவரும் போட்டார். நல்ல எண்ணம்தான், காசு தந்தவர்கள் பார்த்துச் சந்தோஷப்படட்டுமே என்று. ஒரு வாரம் கழித்து அப்பா மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். படத்தை எடுத்துவிட முடியுமா? அவருடைய தம்பி இன்னும் ஊரில் இருக்கிறார், யார் கண்ணில் எது படும் என்று தெரியாது. இதைச் சொல்ல அவர் ஒரு வாரம் யோசித்திருக்கிறார். சொல்லும்போது கண் என் முகத்தைப் பார்க்கவில்லை, கோபப்படுவேன் என்று நினைத்திருப்பார் போல. உடனே அகற்றினோம். எனக்கு அன்று உண்மையாகவே சந்தோஷம். வந்து ஐந்து வாரத்தில் அவர்கள் எங்களிடம் 'வேண்டாம்' என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதுவரை எதைக் கொண்டுபோனாலும் நல்லது, எதைக் கேட்டாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஷுக்ரன். பழைய சோபா ஒன்றைக் கொண்டுபோய் வைத்தோம், அதில் நாய் வாசம். அதற்கும் ஷுக்ரன்தான். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறவர் இன்னும் உங்களை நம்பத் தொடங்கவில்லை என்பது என் அனுபவம். நானும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கணக்குப் பார்க்கும் தம்பி ஒழுங்கான ஆள், செலவுச் சிட்டைகளைத் தந்தால் எழுதி வைக்கலாம் என்று கேட்டுவிட்டார். அடுத்த மாதம் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து, சிட்டை ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவி மேசையில் வரிசையாக அடுக்கினார். வெங்காயம், பாண், பஸ் டிக்கெட். நாற்பது வயது மனிதர். தம்பியே முகம் மாறி, வேண்டாம் அண்ணா, வேண்டாம் என்று எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டார். அவர்களுக்கு வந்த காசை அவர்கள் விருப்பப்படி செலவழிக்க வேண்டும், குழு அதை நிர்வகிக்கக் கூடாது என்பது திட்டத்தின் விதியே. செலவழித்ததைப் பிறகு திருப்பிக் கேட்கவும் கூடாது. விதியை நாங்கள் வாசித்திருந்தோம். வாசித்ததும் நடந்ததும் வேறாகிவிட்டது.

மருத்துவரிடம் போன கதை இதைவிட நீளம். அந்தத் தாய்க்குத் தொடர்ந்து உடம்பு சரியில்லை. ஒரு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அரபு தெரிந்தவர் அங்கே இல்லை, மகள் சொல்லட்டுமே என்றார்கள், நானும் சரி என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் கதிரை நுனியில் இருந்தாள். டாக்டர் ஒரு கேள்வி கேட்பார், பிள்ளை மொழிபெயர்ப்பாள், அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு 'தலையிடி' என்பார். எந்தக் கேள்விக்கும் தலையிடிதான். பிள்ளையின் முன்னால் சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது என்பது எனக்கு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது. அடுத்த தவணைக்கு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் ஒழுங்குசெய்தோம். நான் வெளியே காத்திருந்தேன். நாற்பது நிமிடம். வெளியே வந்தவர் என் பக்கத்தில் இருந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. சேரப் போகிறவர்களுக்குச் சொல்வேன்: காசு சேர்க்கும்போதே மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். அவர்களுக்குப் பாரம், தாய் தகப்பனுக்கும் பாரம்.

அப்புறம் சாப்பாடு. நான் அவர்கள் வீட்டில் நெடுநாளாக ஒன்றும் வாயில் வைக்கவில்லை. இருப்பதே கொஞ்சம், அதில் எனக்கு ஏன் என்று. 'தஃபத்தலி, தஃபத்தலி' என்று தட்டை நீட்டுவார்கள், எடுத்துக்கொள் என்று அர்த்தம். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு ஓடிவருவேன். ஒருநாள் மகள் கேட்டாள்: 'அப்பா கேட்கிறார், எங்கள் சாப்பாடு உங்களுக்கு அருவருப்பா?' அந்த இடத்திலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

அன்று குடித்ததுதான் மத்தே. அர்ஜென்டினாவில் விளைகிற ஓர் இலை. தென்னமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன சிரியர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த பழக்கமாம், இன்று உலகத்தில் அந்த இலையை அதிகம் வாங்குகிற நாடுகளில் சிரியாவும் ஒன்று. சின்னக் கண்ணாடிக் குவளையில் கால்வாசிக்கு இலைத்தூள், ஒரு கரண்டி சீனி, மேலே சுடுதண்ணீர், உறிஞ்ச நுனியில் வடிகட்டி வைத்த ஒரு உலோகக் குழாய். குடித்து முடிய முடியச் சுடுதண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் வாய் கசந்தது, மூன்றாம் தண்ணீருக்குப் பிடித்துவிட்டது. இதில் நல்ல விஷயம் என்னவென்றால், ஒரு குவளையோடு எழும்ப முடியாது. இரண்டு மணி நேரம் இருக்கத்தான் வேண்டும். அதுவரை நான் அந்த வீட்டில் ஒரு தடவையும் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. ஏதாவது படிவம், ஏதாவது தவணை, ஏதாவது சாமான் என்றுதான் போவேன், முடிந்ததும் கிளம்புவேன். லோறன்ஸ் அவென்யூ கிழக்கில் பிர்ச்மவுண்ட் பக்கம் உள்ள அரபுக் கடைகளில் அந்த இலை கிடைக்கும். இப்போது எங்கள் வீட்டுக் குசினியிலும் ஒரு பெட்டி இருக்கிறது.

அந்தப் பின்னேரம்தான் அந்தத் தாய் என்னிடம் முதல்முறையாகக் கேட்டார்: நீ இந்தியாவா? இல்லை, இலங்கை என்றேன். ஏன் வந்தாய்? 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியபோது நாங்கள் நல்லூர்க் கோவிலில் போய் ஆயிரக்கணக்கான சனத்தோடு படுத்தோம், வீடு திரும்பியபோது கூரை இல்லை என்று மகளுக்கு விளங்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நம் கதையை அவர்கள் கதைக்கு மேல் போட்டு மூடிவிடக் கூடாது, நம் ஆட்களில் சிலர் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் கைகளைக் குவித்துக் கூரை போல் காட்டி, பிறகு பிரித்தாள். அந்தத் தாய் என்னை நீண்ட நேரம் பார்த்தார். 'உக்தி' என்றார். சகோதரி என்று அர்த்தம். பிள்ளைகள் அன்றிலிருந்து என்னை 'ஹால்தோ' என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் சகோதரிக்கு அவர்கள் சொல்கிற முறை அது. எங்கள் சின்னம்மாதான்.

பன்னிரண்டு மாதம் 2017 நவம்பரில் முடிந்தது. அதற்குள் தாய் அரசின் ஆங்கில வகுப்பில் இரண்டு நிலை முடித்திருந்தார். தகப்பனுக்கு டைல்ஸ் வேலை கிடைத்திருந்தது. எங்கள் குளியலறைத் தரையை இரண்டு சனிக்கிழமையில் பதித்துத் தந்தார். காசு கொடுக்கப் போனேன், என் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் சொன்னது சரி. அந்தத் தரையை நாங்கள் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினான்காம் மாதம் அவர்கள் மிசிசாகாவுக்கு வீடு மாறினார்கள். அங்கே வேலை தருகிற ஒப்பந்தக்காரர் இருந்தார், ஹோம்ஸ் ஆட்கள் சிலரும் இருந்தார்கள். எங்களிடம் அனுமதி கேட்கவில்லை, வீடு எடுத்த பிறகுதான் சொன்னார்கள். குழுவில் இரண்டு பேருக்கு இது பெரிய மனவருத்தம். பள்ளிக்கூடம் தேடிக் கொடுத்தோம், வீடு தேடிக் கொடுத்தோம், ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றார்கள். நான் அந்த 155 பேரைச் சொன்னேன். நியூஃபவுண்ட்லாந்து மக்கள் அவர்களுக்கு உடுப்பும் சாப்பாடும் கொடுத்து அவ்வளவு அன்பாகப் பார்த்தார்கள். சில நாளிலேயே அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். தெரிந்த மொழி, தெரிந்த முகம் இருக்கிற இடத்துக்குத்தானே மனுஷர் போவார்கள். நானே வெல்லெஸ்லியில் வந்து இறங்கியது அதற்காகத்தான். இதைக் கேட்ட பிறகு ஆசிரியை அவர்களுடைய புது வீட்டுக்கு ஒரு பூச்செடி வாங்கிக்கொண்டு வந்தார். மற்றவருக்கு ஆறுதலாக இன்னும் கொஞ்சக் காலம் பிடித்தது.

என்ன மதிப்பெண் என்று கேட்டால், ஐந்தில் நாலு நட்சத்திரம் கொடுப்பேன். வதிவிட உரிமை, மருத்துவக் காப்பீடு, ஒரு வருட உத்தரவாதம், பக்கத்தில் ஏழு மனுஷர்: இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியவில்லை. நான் வந்தபோது இதில் பாதி கிடைத்திருந்தால் அக்காவும் நானும் வேறு மாதிரி வாழ்ந்திருப்போம். ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பது பயணக் கடனுக்காக. விமானச் செலவை அரசு கடனாகத்தான் கொடுக்கிறது. 2015 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2016 பெப்ரவரி கடைசிவரை வந்த சிரியர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்தார்கள். எட்டு மாதம் பிந்தி வந்த இந்தக் குடும்பம் மாதாமாதம் கட்டியது. 2018 பெப்ரவரியில் வட்டியை நீக்கினார்கள், நல்லது. ஆனாலும் கொட்டிலில் மூன்று வருடம் இருந்துவிட்டு வருகிறவர்களைக் கடனோடு இறக்குவது சரியென்று எனக்குப் படவில்லை.

இப்போது சேர நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஐந்து பேர் சேர்ந்து தாங்களே விண்ணப்பிக்கிற வழியை 2024 நவம்பர் 29இல் அரசு நிறுத்தி வைத்தது, விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்துவிட்டதால். ஆகவே ஒப்பந்தம் வைத்திருக்கிற அமைப்பு ஒன்றைத் தேடிப் போய்க் கேட்பதுதான் முதல் வேலை. தேவாலயம் என்றால் தயங்க வேண்டாம், எங்கள் குழுவில் பாதிப்பேர் சைவக்காரர், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாதக் காசு கட்டுவதோடு கடமை முடிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதற்கு வர வேண்டாம், அவர்கள் காசை மட்டும் கொடுக்கலாம், அதுவும் பெரிய உதவி. வருகிறவர்கள் ஆயுள் முழுக்க நன்றியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களும் வர வேண்டாம். வீட்டுக்காரர் மூன்று திறப்பு தந்தால் மூன்றையும் கொடுத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜை நான் பிறகு கேளாமல் திறந்ததில்லை. ஆனால் போன வருடம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் மேல்மாடியில் நின்ற நேரம் அந்தத் தாய் குசினிக்குள் போய் என் ஃபிரிட்ஜைத் திறந்து, பழைய கறிச் சட்டிகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டார். 'உக்தி, இது எத்தனை நாள்?' என்று படிக்கட்டின் கீழே நின்று சத்தம் போட்டுக் கேட்டார். வருகிற சனிக்கிழமை மிசிசாகா போகிறேன். மகள் செவிலியர் படிப்பு முடிக்கிறாள். மத்தியானத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும், போன தடவை போல் பிந்தி வந்து பிந்திச் சாப்பிடுகிற வேலை வேண்டாம் என்று கட்டளை வந்திருக்கிறது.